அத்தியாயம் 11: ஹைரம் அனுப்பினான்

“உன் வேலை போயிடுமோன்னு பயம். அதான் அப்பாவைப் பிடிச்சுக் கையெழுத்து...”

“நான் எப்பச் சொன்னேன்? எப்பச் சொன்னேன்னு...”

“வாயால சொல்லணுமா என்ன? மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்தாலே...”

“பதினோரு வருஷமா அந்தக் கடை ஃபோனை எடுக்கிறவ மூஞ்சி, மேரன். அது தொங்காம பின்ன எப்படி இருக்கும்?”

“ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. சனிக்கிழமை. பக்கத்து வீட்டுக்காரனாவது தூங்கட்டும்,” என்றார் டெல்வின், அடுப்பை விட்டுத் திரும்பாமலே.

அவர் பான்கேக் சுட்டுக்கொண்டிருந்தார். மகள் கேலீனும் மருமகள் மேரனும் சண்டை போடும்போது அவருக்கு அடுப்பில் எப்போதும் வேலை இருக்கும்.

இது மூன்று வாரமாக நடக்கிற சண்டை. மூன்று வருஷத்துக்கு முன் பிப்ரவரியில், ஸ்டோடர்ட் பள்ளத்தாக்கில் சரிந்த பனி ஹைரமை மூடியபோது, கேலீனுக்கு ஒரே தம்பி போனான். மேரனுக்குக் கணவன் போனான். அன்று அவனோடு மலைக்குப் போயிருந்தவர் டெல்வின் ஒருவர்தான். அடுத்த குளிர்காலமே அவர், பனிச்சரிவிலிருந்து பிழைக்கக் கற்றுத்தரும் சனிக்கிழமை வகுப்பை ஆரம்பித்தார். சாலை முடியும் இடத்தில், மலைக்குப் போகிற சிறு வாசலில், வருகிறவர்களுக்கெல்லாம் இலவசம். பனிச்சறுக்குப் போகிறவர்கள் நெஞ்சில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டிக்கொள்வார்கள். அதில் ஒரு சுவிட்சு, இரண்டு நிலை. ‘அனுப்பு’, ‘தேடு’. பெட்டி சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருந்தால், புதைந்தவனை மேலே இருப்பவன் தன் பெட்டியைத் தேடுக்கு மாற்றிக் கண்டுபிடித்துவிடலாம். வாசலில் டெல்வின் நின்று ஒவ்வொருவரையும் கேட்பார்: “அனுப்புறியா?” “அனுப்புறேன்” என்று வாய்விட்டுச் சொன்னால்தான் மேலே விடுவார். வகுப்புக்குப் பெயரும் அதுவேதான். ‘அனுப்புறியா?’ ஒட்டுப்பலகையில் மேரன் ஆரஞ்சு வண்ணத்தில் எழுதித் தந்தது.

வந்தது வினை. சால்ட் லேக் நகரத்தில் கோட்டும் சறுக்குக் கட்டையும் விற்கிற பெரிய கடை ஒன்று இருக்கிறதே, அதன் பெயரும் ‘அனுப்பு’. பாறை விளிம்பில் தயங்கி நிற்கிறவனைப் பார்த்துக் கூட்டாளிகள் “அனுப்புடா” என்று கூவுவார்கள். பயத்தை விட்டுக் குதி என்று அர்த்தம். அந்தக் கூவலைக் கோட்டின் நெஞ்சில் தைத்தே வளர்ந்த கடை. இப்போது அந்தச் சொல் சட்டப்படி தங்கள் சொத்து என்று ஊர் ஊராக வக்கீல் நோட்டீஸ். ஐடஹோவில் குல்லாய் பின்னுகிற ஒரு பெண்ணுக்கு, மலையடிவாரத்தில் வண்டியில் சூப் விற்கிற தம்பதிக்கு, அப்புறம் டெல்வினுக்கு. முப்பது நாளில் பலகையை இறக்கவும்.

டெல்வின் பேசாமல் ஏணியைத் தேடினார். மேரன் நோட்டீஸைப் படமெடுத்து இணையத்தில் போட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் ஊருக்கே தெரியுமே. கோட்டு கோட்டாகக் கடைக்குத் திரும்பி வந்தது. திருப்ப மனமில்லாதவர்கள் நெஞ்சிலிருந்த கடைப் பெயரின் மேல் வெள்ளி நிற டேப்பை ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். யாரோ முகம் தெரியாத ஒருவர் ஹைரமின் சிரிக்கிற படத்தைப் போட்டு வட்டமான ஸ்டிக்கர் அடித்தார். கீழே ஒரே வரி: ‘ஹைரம் அனுப்பினான்.’

கடையின் தொலைபேசிக்கு நாளுக்கு ஆயிரம் அழைப்பு. எடுக்கிறவர்களில் ஒருத்தி, அவனுடைய அக்கா.

“நேத்து ஒருத்தி கூப்பிட்டா,” என்றாள் கேலீன். அவள் கையில், ஒரு லிட்டர் பிடிக்கிற காகிதக் குவளையில், தேங்காய்ச் சாறு விட்ட கோலா. ஸ்ட்ராவைத் திருகிக்கொண்டே சொன்னாள். “ஓரிகன்லேருந்து. அழறா. ‘ஹைரம்னு ஒருத்தன் இருந்தான், உனக்குத் தெரியுமா? அந்த மாதிரி ஒரு பையனோட பேர்ல கை வெச்ச கம்பெனியில உக்காந்து சம்பளம் வாங்குறியே, உன்னையெல்லாம் பெத்தாங்களா’ன்னு கேட்டா.”

மேரன் நிமிர்ந்து பார்த்தாள்.

“‘தெரியும் மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்’னு கேட்டேன். அப்படித்தான் கேக்கணும். எங்க கண்ணு முன்னாடியே எழுதி ஒட்டியிருக்காங்க.”

மேரன் தன் தட்டிலிருந்த பான்கேக்கை நாத்தனாரின் பக்கம் தள்ளினாள். கேலீன் அதைத் திருப்பித் தள்ளினாள்.

“சாப்பிடு. வெறும் சர்க்கரைத் தண்ணியிலேயே உயிர் வாழறே,” என்றாள் மேரன்.

“நீ சுடல இல்ல, அப்ப சாப்பிடலாம்.”

மேரன் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது.

“கேலீன், நான் உன்கூடச் சண்டை போட வரல. அவன் அன்னைக்கு எல்லாத்தையும் சரியாச் செஞ்சான். பெட்டி அனுப்பிட்டுத்தான் இருந்துச்சு. பனிதான் ஆழம், அப்பாவால சீக்கிரம் தோண்ட முடியல. போலீஸ் ஷெரீப் ஆளுங்க வந்து அப்படித்தான் சொன்னாங்க. ராத்திரி எழுந்து உக்காந்தா அது ஒண்ணைத்தான் நான் பிடிச்சுக்குவேன். அவன் தப்புப் பண்ணல. அந்தச் சொல்லை ஒரு கோட்டுக்கடைக்காரன்கிட்ட நான் எப்படிக் கொடுத்திருப்பேன்?”

“கருகுது,” என்றாள் கேலீன்.

“என்ன?”

“அப்பா. கருகுது பாருங்க.”

டெல்வின் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அடுப்பில் பான்கேக் விளிம்பெல்லாம் கறுத்துப் புகைந்தது.

*

பத்து மணிக்குக் கடையின் பெரிய அதிகாரி ஒருவர் வாசலுக்கே வருவதாக ஏற்பாடு. நோட்டீஸை வாபஸ் வாங்குகிறார்களாம், மன்னிப்புக் கேட்கிறார்களாம், டெல்வின் ஒரு கையெழுத்துப் போட்டால் போதுமாம். மேரன் தன் காரில் முன்னால் போய்விட்டாள். கேலீன் அப்பாவின் பழைய ட்ரக்கில் ஏறிக்கொண்டாள்.

முப்பத்தோரு குளிர்காலம் அவர் வண்டியோட்டிப் பனி தள்ளிய சாலை. எந்த வளைவில் காற்று பனியைக் கொண்டுவந்து கொட்டும் என்று அவருடைய கைக்குத் தெரியும்.

“அப்பா, எனக்காக நீங்க ஒண்ணும் விட்டுக்கொடுக்க வேணாம். வேலை போனா போகுது.”

“உனக்காக இல்ல.”

“பின்ன ஏன்? முதல் நாளே ஏணியைத் தூக்கிட்டுக் கிளம்பினீங்களே, ஏன்? இவ்வளவு பேரு நமக்காக நிக்கிறாங்க. இன்னைக்கும் பாருங்க, கல்யாணத்துக்குப் போற மாதிரியா இருக்கு உங்க முகம்?”

“எந்தக் கல்யாணத்துல நான் சிரிச்சேன்?”

“என் கல்யாணத்துல சிரிச்சிருக்கலாம். அது நிலைக்காதுன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரிஞ்சிருந்துச்சு.”

அவர் வேகத்தைக் குறைத்தார். வண்டியைச் சாலையோரம், டயருக்குச் சங்கிலி மாட்டுவதற்காக ஒதுக்கியிருந்த இடத்தில் நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை.

“அந்தப் பெட்டியைத் திற.”

அவள் முன்னாலிருந்த டாஷ்போர்டு அறையைத் திறந்தாள். கையுறை, டார்ச், பழைய துண்டு ஒன்றில் சுற்றி ஏதோ. பிரித்தாள். மஞ்சள் நிறத்தில் நெஞ்சுப் பெட்டி. மூலை தேய்ந்தது. பட்டையை யாரோ கத்தியால் அறுத்திருந்தார்கள்.

“இது உங்களோடதுதானே? பழசு.”

“அன்னைக்கு ஹைரம் போட்டிருந்தது. அவனோடது பேட்டரி போயிடுச்சு. என் பழசைக் குடுத்தேன்.”

கேலீன் அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

“கீழே கார் நிறுத்துற இடத்துல பயிற்சி பண்ணிப் பாத்தோம். நான் பனியில என் பெட்டியை ஒளிச்சு வெச்சேன். அவன் தேடி எடுத்தான். ரெண்டு நிமிஷம்கூட ஆகல. நல்லாத் தேடுவான். தேடணும்னா சுவிட்சைத் தேடுக்கு மாத்தணும். எடுத்தப்புறம் திருப்பி மாத்தணும்.”

“சரி.”

“புதுப் பெட்டின்னா கொஞ்ச நேரம் விட்டா தானே திரும்பிக்கும். இது திரும்பாது.”

வைப்பர் ஒருமுறை போய் வந்தது.

“அப்பா.”

“மேல போனோம். சரிஞ்சுது. நான் ஓரத்துல நின்னுட்டேன். என் பெட்டியைத் தேடுக்கு மாத்தினேன். சத்தமே வரல. என் பெட்டிதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு அதைத் தட்டினேன். கேலீன், நான் நின்னு பெட்டியைத் தட்டிக்கிட்டு இருந்தேன். அப்புறம் நீளக் கம்பியை எடுத்துப் பனியைக் குத்திப் பாக்க ஆரம்பிச்சேன். அம்பது நிமிஷம். ஆழமெல்லாம் இல்ல. என் இடுப்பளவு.”

“ஷெரீப் ஆளுங்ககிட்ட...”

“வர்றதுக்கு முன்னாடியே பட்டையை அறுத்து எடுத்து என் பைக்குள்ள போட்டுட்டேன். கேட்டாங்க. அனுப்பிட்டுத்தான் இருந்தான்னு சொன்னேன்.”

கேலீன் சுவிட்சைப் பார்த்தாள். அது இன்னும் ‘தேடு’விலேயே நின்றது.

“வாசல்ல நீங்க கேக்கலையா? எங்களையெல்லாம் சின்ன வயசுலேருந்து கேப்பீங்களே. குப்பை கொட்டப் போனாலும் கேட்டுச் சிரிப்பீங்களே.”

“வெயில் ஏறுது, பனி இளகிடும்னு அவசரம்.” அவர் ஸ்டியரிங்கைப் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அது பொய்யி. அவசரமெல்லாம் இல்ல. இவனை என்ன கேக்கிறதுன்னு விட்டுட்டேன். நான் சொல்லிக்குடுத்த பிள்ளை. என் பிள்ளையை நான் கேக்கணுமான்னு ஒரு இது.”

எதிரே ஒரு கார் கடந்துபோனது. முன்பக்கத்துக் கண்ணாடியில் ஹைரம் சிரித்தான். ஹைரம் அனுப்பினான்.

“இதுவரைக்கும் எத்தனை பேரைக் கேட்டிருப்பேன். முன்னூறு, நானூறு. ஒருத்தனைத்தான் கேக்கல. அந்தப் பலகையைப் பாக்கிறப்பல்லாம் என்னைத்தான் கேக்குது. நோட்டீஸ் வந்தன்னைக்கு, நல்லதாப் போச்சு, இறக்கிடலாம்னு இருந்துச்சு. இப்ப ஊரெல்லாம் அவன் மூஞ்சியை ஒட்டி வெச்சிருக்கான் பாரு. அதுல இருக்கிறது நான் சொன்ன பொய்யி.”

“மேரனுக்கு?”

“தெரியாது.”

“சொல்லிடுங்க.” பிறகு உடனே, “இல்ல, சொல்லாதீங்க. அவ அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான்... காலையில சொன்னாளே. சொல்லாதீங்கப்பா.” பிறகு, “எனக்குத் தெரியல. என்னை ஏன் இழுத்து விடறீங்க? இத்தனை நாள் தனியாத்தானே வெச்சிருந்தீங்க?”

“ஃபோன்ல அந்தப் பொம்பளை கேட்டான்னு சொன்னியே. அதுக்கப்புறம் முடியல.”

அவர் கியரை மாற்றினார். கேலீன் பெட்டியை மறுபடி துண்டில் சுற்றப் பார்த்தாள்; பாதியில் விட்டாள். அப்படியே தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

*

வாசலில் எழுபது எண்பது கார்கள். இந்த வகுப்புக்கு இருபது பேர் வந்தாலே கூட்டம் அதிகமென்று டெல்வின் குறை சொல்வார். இன்று நெஞ்சு நெஞ்சாக வெள்ளி டேப் பளபளத்தது. பல்கலைக்கழகப் பெண் ஒருத்தி ஸ்டிக்கர்க் கட்டை வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தாள். பலகைக்குக் கீழே மேரன் நின்றாள். பலரும் அவளை வந்து கட்டிக்கொண்டு போனார்கள்; அவள் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு நிறம் இருந்தது.

அதிகாரியின் பெயர் கார்வர். மெல்லிய கறுப்புக் கோட்டில், தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். கம்பெனியின் கிறிஸ்துமஸ் விருந்தில் மூன்று முறை கேலீனோடு கைகுலுக்கியவர். இப்போதும் குலுக்கினார்.

“நீங்க இவங்க மகளா? உங்களைச் சந்திச்சதுல ரொம்ப சந்தோஷம்,” என்றார்.

“எனக்கும்தான் சார். நாலாவது தடவை.”

அவருக்குப் புரியவில்லை. டெல்வின் அவருடைய கோட்டைப் பார்த்தார்.

“உங்க கடைக் கோட்டு எங்க?”

“கார்ல இருக்கு சார். இங்க அதைப் போட்டுக்கிட்டு இறங்கினா...” கூட்டத்தைக் கண்ணால் காட்டினார்.

“காது சிவந்து போச்சு. போய்ப் போட்டுக்கிட்டு வாங்க. ஒருத்தனும் ஒண்ணும் பண்ண மாட்டான்.”

கார்வர் போகவில்லை. கூட வந்த பெண் ஒருத்தி கேமராவைத் தூக்கினாள். அவர் காகிதத்தை விரித்துப் படித்தார். வாசித்த குரலில் நடுக்கம் குளிராலா வேறெதனாலா என்று சொல்ல முடியாது. தங்கள் கம்பெனி தவறு செய்துவிட்டது. எல்லா நோட்டீஸும் திரும்பப் பெறப்படுகிறது. ஹைரமின் நினைவாக அந்தச் சொல் இந்த வகுப்புக்கு என்றென்றைக்கும் உரியது.

பின்னாலிருந்து யாரோ, “குல்லாய்க்காரிக்கும் சொல்லு,” என்று கத்தினார்கள். “அவங்களுக்கும் கடிதம் போயிருக்கு,” என்றார் கார்வர் தாழ்ந்த குரலில்.

“இதுல நீங்க கையெழுத்துப் போட்டா போதும் சார். அப்புறம் ஒரு படம்.”

டெல்வின் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மடித்துக் கார்வரின் பையிலேயே செருகினார்.

“இந்தச் சொல்லை வெச்சுக்கிற யோக்கியதை எனக்கு இல்ல,” என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். பக்கத்தில் இருந்த மூன்று நான்கு பேருக்கு மேல் கேட்டிருக்காது. கூட்டத்துக்குத் தெரிந்தது காகிதம் திரும்பிப் போனது மட்டும். அவ்வளவுதான், கைதட்டல் மலையில் போய் முட்டித் திரும்பி வந்தது. கிழவர் வளைந்து கொடுக்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். “ஹைரம் அனுப்பினான், ஹைரம் அனுப்பினான்” என்று யாரோ ஆரம்பிக்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

மேரன் கைதட்டவில்லை. அவளுக்குக் கேட்டிருந்தது.

“என்ன சொன்னாரு அவரு?” என்றாள் கேலீனிடம்.

“ஒண்ணுமில்ல. வகுப்பு ஆரம்பிக்கணுமாம்.”

“யோக்கியதைன்னாரு.”

“காத்து அடிக்குது மேரன், சரியாக் கேட்டிருக்காது உனக்கு.”

மேரன் நாத்தனாரைப் பார்த்தாள். கேலீனுக்குப் பொய் வராது. சின்ன வயதிலிருந்தே வராது என்று ஹைரம் சொல்லிச் சிரிப்பான். அவளுடைய ஒரு கை கோட்டுப் பைக்குள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது.

டெல்வின் வழக்கம்போல வாசலின் ஒரு பக்கம் போய் நின்றார். தன் பெட்டியைத் தேடுக்கு மாற்றினார். ஆளுக்கு நாலடி இடைவெளி விட்டு வரிசை நகர்ந்தது.

“அனுப்புறியா?”

“அனுப்புறேன்.”

பெட்டி கூவியது. போனார்கள்.

“அனுப்புறியா?”

“அனுப்புறேன்.”

ஸ்டிக்கர் கொடுத்த பெண் வந்தாள். ஹெல்மெட்டின் நெற்றியில் ஹைரம். டெல்வின் கையுறையைக் கழற்றினார். நகத்தால் அதன் ஓரத்தைப் பெயர்த்தார்.

“இதை மட்டும் எடுத்துடறேம்மா.”

“ஏன்? இது அவருக்காகத்தானே ஒட்டியிருக்கோம்?”

“தெரியும்.”

குளிரில் பசை விடவில்லை. படம் பாதியில் கிழிந்தது. முகம் அவர் கையோடு வந்தது, வரி ஹெல்மெட்டிலேயே தங்கிவிட்டது. அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் நின்றாள். கிழவர் பிள்ளையை நினைத்து உடைந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு அவருடைய தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

“அனுப்புறேன்,” என்றாள், அவர் கேட்க மறந்ததை எடுத்துக்கொடுப்பவள்போல. மேலே போனாள்.

வரிசை தீர்ந்தது. கார்வர் காரில் ஏறி ஹீட்டரைப் போட்டுக்கொண்டார். கடைசியாக மேரன் வந்து அவர் முன்னால் நின்றாள். ஹைரம் போன பிறகு அவள் ஒருநாளும் மலைக்கு வந்ததில்லை. பலகை எழுதித் தருவாள், சூப் கொண்டுவந்து வைப்பாள், வாசலோடு திரும்பிவிடுவாள். இன்று யாரிடமோ ஒரு நெஞ்சுப் பெட்டியை இரவல் வாங்கிக் கோட்டின் மேலேயே கட்டியிருந்தாள்.

டெல்வினின் பெட்டியில் சத்தம் வரவில்லை.

அவர் கையிலிருந்த கிழிந்த படத்தை அவள் பார்த்தாள். பிறகு கேலீனின் கோட்டுப் பையிலிருந்து வெளியே தொங்கிய அறுந்த பட்டையை.

“அனுப்புறியாம்மா?” என்றார் அவர்.

மேரன் ‘தேடு’விலிருந்த தன் சுவிட்சைத் தொடவில்லை.

“அன்னைக்குக் காலையில இதே எடத்துலதானே நின்னிருப்பீங்க. அவனை நிறுத்தி இப்படிக் கேட்டீங்களா, டெல்வின்?”